ஒருநாளும் எரியாத விளக்கு

அத்தியாயம் ஏழு

கஜீபன் படியேறி வந்த நேரத்தில், மன்னார் உப்புக்குளம் பேக்கரிக்கு மேல்மாடியில் இயங்கும் 'கைருன்னிசா தனியார் விசாரணைக் கந்தோரில்' முக்கியமான ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து வரும் வாசம் மீன் பணிஸுடையதா, சீனி பணிஸுடையதா என்பதே வழக்கு. மீன் என்று அடித்துச் சொன்னான் நீக்கிலாஸ். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக்கூட நிமிர்த்தாமல், "சீனி. ஒரு தட்டுக் கருகீட்டுது," என்றார். கீழே பேக்கரிக்காரர் யாரையோ ஏசத் தொடங்கியதும் வழக்கு முடிந்தது.

நீக்கிலாஸுக்கு வயது நாற்பத்தெட்டு. தெரிந்த தொழில்கள் இரண்டு. மண்டபம் அகதி முகாமின் வாசலில் பதினாறு வருடம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினான். நாடு திரும்பிய பிறகு, கொழும்பில் வாங்கிய பழைய கார்களை மன்னார்க்காரருக்கு ஓட்டிக்கொண்டு வந்து ஒப்படைத்தான். துப்பறிதல் மூன்றாவது தொழில் என்று அவன் நம்பினான்; டீச்சர் அதை இன்னும் எழுத்தில் தரவில்லை.

கைருன்னிசா டீச்சர் புத்தளத்தில் இருபது வருடம் கணக்குப் படிப்பித்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, சைக்கிளும் தெரியாது. ஆனால் பார்த்தெழுதின பிள்ளையை, அது தலையை நிமிர்த்தும் விதத்திலேயே பிடித்துவிடுவார். காணாமற்போன ஆடு, காணாமற்போன காணி உறுதிப் பத்திரம், மாப்பிள்ளை குடிப்பாரா என்ற விசாரிப்பு என்று கந்தோர் ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கிடையிலை எனக்கு ஒரு உண்மை கண்டுபிடிச்சுத் தரவேணும்," என்றான் கஜீபன். முப்பத்திரண்டு வயது, வாடகை ஓட்டோ ஓட்டுபவன், சேர்ட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தான்.

"நாலு மணிக்கு எங்கட கந்தோர் பூட்டு. நேரம் கணக்காத்தான் இருக்கு," என்றான் நீக்கிலாஸ், கதவில் ஒட்டியிருந்த நேர அட்டையைக் காட்டி. அட்டையின் நான்கு மூலைகளும் வட்டமாக வெட்டப்பட்டிருந்தன. அது அவனுடைய கைவேலை.

"இருங்கோ மகன். முதல்லை இருந்து சொல்லுங்கோ," என்றார் டீச்சர்.

கஜீபன் கதிரையின் நுனியில் இருந்து சொன்னான். மீனவர் சங்கம் ஒன்றின் ஐஸ் லொறிக்கு நிரந்தர ஓட்டுநர் தேவையாம். விண்ணப்பம் இன்று நாலு மணியோடு முடிகிறது. எல்லாப் பத்திரமும் சரி. ஒரு நற்சான்றுக் கடிதம்தான் குறை. அதை எழுதுபவர் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. இரண்டு வருடமாவது அவனைத் தெரிந்திருக்க வேண்டும்.

"முகாமிலை என்னைப் பதினெட்டு வருசம் தெரிஞ்ச சனம் இருக்கு டீச்சர். அவையள் எல்லாம் இன்னும் அக்கரையிலை, இந்தியாவிலை. இங்கை ரெண்டு வருசமாத் தெரிஞ்ச ஒரே ஆள் வங்காலையிலை சிசிலியா அன்ரி. ஞாயிற்றுக்கிழமையிலை அவவின்ர காரை நான்தான் பூசைக்கு ஓட்டிக்கொண்டு போறது."

"அவ எழுதித் தரமாட்டாவோ?"

"தருவா. காரைப் பழுதாக்கினது நான்தான் எண்டு ஒத்துக்கொண்டால் தருவா. மூண்டு கிழமைக்கு முதல் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் ஒண்டு எரியத் தொடங்கினது. அணையிறதாயில்லை. அவவுக்குத் தெரியாமல் நான் காரை வாடகைக்கு ஓட்டிப் பழுதாக்கிப்போட்டன் எண்டுறா."

நீக்கிலாஸ் இதை ஒருமுறை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தான். "பொறு தம்பி. பொய் சொன்னால் நேர்மையான ஆள் எண்டு கடிதம் கிடைக்கும். உண்மை சொன்னால் கிடைக்காது. இதிலை யோசிக்க என்ன கிடக்கு? நான் எண்டால் முதல் கிழமையே ஒத்துக்கொண்டு, இப்ப லொறியிலை கால் நீட்டி இருந்திருப்பன்."

"நானும் யோசிச்சனான் அண்ணை. நேத்து அவவின்ர வாசல்வரைக்கும் போனன். வாய் வரேல்லை."

டீச்சர் பேனையை மூடினார். ஒரு வழக்கை எடுத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். "அந்த லைட் எரியத் தொடங்கின கிழமை காரிலை என்ன செய்தனீங்கள்?"

"சனிக்கிழமை துடைச்சன். ஞாயிறு ஓட்டினன். வேறை ஒண்டும் தொடேல்லை."

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"ஓம் டீச்சர். ஒரு ஆணியைக்கூடத் தொடேல்லை."

*

மூவரும் கஜீபனின் ஓட்டோவில் மன்னார்த் தீவை விட்டு வெளியே வந்தார்கள். பாலத்துக்கு முன்னால் எட்டுப் பத்துக் கழுதைகள் நடுறோட்டில் நின்று தங்கள் சொந்த விடயம் எதையோ பேசிக்கொண்டிருந்தன. கஜீபன் ஹோர்ன் அடித்தான். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர், இதுகளை விசாரிச்சுப் பாப்பமோ? கழுதை வயர் தின்னும்."

"வீட்டுக் கொட்டிலுக்குள்ளை நிண்ட காரின்ர பொனற்றைத் திறந்து தின்னுமோ?"

"படிச்ச கழுதையா இருந்தால்?"

"அப்பிடி ஒண்டைத்தான் நான் உதவியாளரா வச்சிருக்கிறன்," என்றார் டீச்சர். நீக்கிலாஸ் மிச்சத் தூரத்துக்கு வாயைத் திறக்கவில்லை. மிச்சத் தூரம் பத்து நிமிடம். அது அவனுடைய வாழ்நாள் சாதனை.

சிசிலியாவுக்கு அறுபத்திரண்டு வயதிருக்கும். வாசலிலேயே கையில் குடையோடு நின்றார். மழையில்லை, வெயிலுமில்லை. அந்தக் குடை கஜீபனுக்காக எடுத்தது என்று நீக்கிலாஸுக்கு உடனே புரிந்தது.

"விசாரிக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்ன? ஒரு சொல்லிலை முடியிற அலுவல் இது."

"அந்த ஒரு சொல்லைத் தேடித்தான் அக்கா வந்தனாங்கள்," என்றார் டீச்சர்.

கார் தகரக் கொட்டிலுக்குள், பூப்போட்ட கட்டில் விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. விரிப்பை எடுத்தால் உள்ளே பதினெட்டு வயதான வெள்ளைக் கார். எங்கேயோ பார்த்த கார் போல் நீக்கிலாஸுக்குத் தோன்றியது. அவன் கொண்டுவந்து கொடுத்த நாற்பது கார்களில் முப்பத்தைந்து வெள்ளை. ஆகையால் வெள்ளைக் கார் எதைக் கண்டாலும் அவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

கதையைச் சிசிலியாவே சொன்னார். நோர்வேயிலிருக்கும் மகன் தகப்பனுக்கு வாங்கிக் கொடுத்த கார் அது. அவர் கணவர் பியூஸ், ஓய்வுபெற்ற தபாலதிபர், முதலில் தனியாக ஊர் திரும்பி வீட்டைத் திருத்திக்கொண்டு இருந்தபோது, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கார் வந்தது. சிசிலியா அக்கரையிலிருந்து வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். பியூஸ் காலமாகி இப்போது இரண்டரை வருடமாகிறது. கோயிலுக்கும் வீட்டுக்கும் ஒன்றேகால் கிலோமீற்றர். நடந்தால் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். காரில் போக அரை மணி நேரம் வேண்டும். துடைக்க வேண்டும், சூடாக்க வேண்டும், சிசிலியா ஏறிக் கதவு சாத்தியதை மூன்று தரம் சரிபார்க்க வேண்டும்.

"ஒரு குறையும் இல்லாமல் விட்டுட்டுப் போன கார் டீச்சர். அவர் இருக்கேக்கை இந்த லைட் ஒருநாளும் எரிஞ்சதில்லை."

டீச்சர் தலையை நிமிர்த்தினார். "ஒருநாளும்?"

"ஒரு செக்கன்கூட இல்லை. பக்கத்துச் சீற்றிலை இருந்து நான் அதுகளைத்தானே பாத்துக்கொண்டு வாறது. எனக்கு வாகனம் எண்டால் பயம்."

"ஸ்ராட் பண்ணேக்கையும் இல்லையோ?"

"ஒரு செக்கன்கூட இல்லையெண்டு சொல்லுறன்."

டீச்சர் அந்த வாக்கியத்தை, வாயில் போட்ட கற்கண்டைப்போல, மெதுவாகச் சுவைப்பது தெரிந்தது. அதில் என்ன சுவை என்றுதான் நீக்கிலாஸுக்குத் தெரியவில்லை. அவன் பொனற்றைத் திறந்து, கார் தெரிந்தவன் என்ற தோரணையில் இடுப்பில் கை வைத்தான். மூலையில் தும்பும் பஞ்சுமாக ஓர் உருண்டை.

"பிடிச்சாச்சு. அணில் கூடு. அணில் வயரைக் கடிச்சிருக்கு. வழக்கு முடிஞ்சுது."

"கடிச்ச வயரைக் காட்டுங்கோ," என்றார் டீச்சர்.

நீக்கிலாஸ் தேடினான். ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தான். எல்லாம் நல்ல சுகமாக இருந்தன. அணில் குடும்பம் ஒழுக்கமாகக் குடியிருந்துவிட்டுப் போயிருந்தது.

"றசாக்கிட்டைக் கொண்டு போவம்," என்றார் டீச்சர்.

*

அப்துல் றசாக் மன்னார் பட்டினத்தில் வாகன மின்வேலை செய்பவர். புத்தளத்தில் டீச்சரிடம் கணக்கில் இரண்டு தரம் பெயிலானவர். கார் சிசிலியாவின் வேகத்தில் போனது. முப்பதைத் தாண்டினால் பின்சீற்றிலிருந்து செபமாலையின் வேகம் கூடும். கஜீபன் காலைத் தூக்குவான். முன்னால் இருந்த நீக்கிலாஸ், டாஷ்போட்டின் நடுவில் ஒட்டியிருந்த சின்ன மடு மாதா படத்தைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டான். பக்கத்தில் மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

கராச்சுக்கு வந்தால் கதவில் பூட்டு. வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்குப் போன றசாக் ஒன்றே முக்காலுக்குத்தான் வந்தார். அதுவரை சிசிலியா காருக்குள்ளேயே இருந்தார். கஜீபன் வெளியே நின்றான். இருவருக்கும் இடையில் கண்ணாடி இறங்கவேயில்லை.

றசாக் விளக்கைப் பார்த்தார். பெரிய கருவி ஒன்று வரப்போகிறது என்று நீக்கிலாஸ் எதிர்பார்த்தான். வந்தது ஒரு துண்டு வயர். பொனற்றுக்குள் இருந்த சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு துளைகளுக்கிடையே அந்த வயரைச் செருகிவிட்டு, "இனி அதுவே சொல்லும். விளக்கைப் பாத்து எண்ணுங்கோ டீச்சர்," என்றார்.

மஞ்சள் விளக்கு சிமிட்டியது. இரண்டு தரம். கொஞ்சம் பொறுத்து ஒரு தரம். பிறகு மறுபடியும் இரண்டு, ஒன்று.

"இருபத்தொண்டு," என்றார் டீச்சர், ஒரு பிள்ளையின் சரியான விடையைக் கேட்ட மகிழ்ச்சியோடு.

"சரி. புகைக் குழாயிலை இருக்கிற சென்சர்." றசாக் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். கொஞ்ச நேரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போன ஒரு துண்டோடு வெளியே வந்தார். விரலால் தட்டியதும் அதன் முனை உதிர்ந்து விழுந்தது. "உப்புக் காத்து. இது மூண்டு கிழமை நோய் இல்லை டீச்சர். செத்து நாலு வருசத்துக்குக் குறையாது. கார் ஓடும், கொஞ்சம் பெற்றோல் கூடக் குடிக்கும். கோயிலுக்கு மட்டும் போய்வாற காரிலை அது ஆருக்கும் தெரியவராது."

நீக்கிலாஸ் கையைத் தட்டினான். "நாலு வருசம். தம்பி வேலைக்கு வந்து ரெண்டு வருசம்தான். அக்கா, பேனை தரட்டோ?"

"பொறும்," என்றார் சிசிலியா. "நாலு வருசமாச் செத்துக் கிடந்ததெண்டால் நாலு வருசமும் லைட் எரிஞ்சிருக்கவேணுமே. ஒரு செக்கன்கூட எரியேல்லை, நான் பாத்தனான். இவர் சொல்லுறது பிழை."

றசாக் தலையைச் சொறிந்தார். விளக்கு எரிந்திருக்கத்தான் வேண்டும். சிசிலியா பொய் சொல்பவருமல்ல. மணி மூன்று.

"றசாக், இதிலை நிக்கிற மற்றக் கார்களின்ர சாவியை ஒருக்காத் திருப்பிக் காட்டுங்கோ," என்றார் டீச்சர். "அக்கா, நீங்களும் வந்து பாருங்கோ."

கராச்சில் மூன்று கார்கள் நின்றன. முதலாவதில் சாவியைத் திருப்பினார் றசாக். சிவப்பு, மஞ்சள் என்று எல்லா விளக்குகளும் எரிந்தன. எஞ்சின் ஸ்ராட் ஆனதும் அணைந்தன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொன்றிலும் அந்த எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு முதலில் எரிந்து, பிறகே அணைந்தது.

"இது வகுப்பிலை இடாப்புக் கூப்பிடுற மாதிரி," என்றார் டீச்சர். "சாவியைத் திருப்பின உடனை ஒவ்வொரு விளக்கும் 'வந்திருக்கிறன் டீச்சர்' எண்டு எழும்பி நிண்டிட்டுத் திரும்பக் குந்தும். ஒரு வருத்தமும் இல்லாத காரிலையும் அது ஒரு செக்கன் எரியத்தான் வேணும். உங்கட காரிலை மட்டும் வருசக் கணக்கா ஒரு செக்கன்கூட எரியேல்லை. அவ்வளவு காலம் இடாப்புக்கு எழும்பாத பிள்ளை நல்ல பிள்ளை இல்லை அக்கா. அந்தப் பிள்ளையை ஆரோ மறைச்சு வச்சிருக்கினம்."

டீச்சர் சிசிலியாவின் காருக்குள் குனிந்து, மீற்றர்களை மூடியிருந்த பிளாஸ்ரிக் கண்ணாடியை ஓரமாகப் பார்த்தார். வெயிலில் மங்கிப்போன கண்ணாடி. மஞ்சள் விளக்கு இருந்த மூலையில் மட்டும், பெருவிரல் அளவில், புதிதாக வந்ததுபோல ஒரு தெளிந்த இடம்.

"மகன், இதிலை என்ன ஒட்டியிருந்தது?"

"மாதா," என்றான் கஜீபன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "அந்த மூலையிலை ஸ்டியரிங்குக்குப் பின்னாலை மறைஞ்சுகொண்டு இருந்தா. நான் சைவ சமயம்தான், எண்டாலும் கும்பிடுற படத்தை அப்பிடி ஒதுக்கி வைக்கிறது சரியாப் படேல்லை. அந்தச் சனிக்கிழமை துடைக்கேக்கை மெல்லக் கிளப்பி, நடுவிலை வடிவா ஒட்டிவிட்டன்."

"ஒரு ஆணியைக்கூடத் தொடேல்லை எண்டனீங்கள்."

"கார்ச் சாமானைத்தானே டீச்சர் கேட்டனீங்கள். மாதா கார்ச் சாமானோ?"

நீக்கிலாஸ் வாய்விட்டுச் சிரித்தான். றசாக்கும் சிரித்தார். வழக்கு முடிந்தது, பையன் குற்றமற்றவன், மணி மூன்று பத்து, சங்கத்துக்குப் போகப் பத்து நிமிடம் போதும். சிசிலியா பக்கம் திரும்பியபோதுதான் நீக்கிலாஸின் சிரிப்பு நின்றது. அவர் ஒரு பழைய ரயரின்மேல் மெல்ல இருந்துவிட்டார். குடை கையிலிருந்து சரிந்து கிடந்தது.

"அவர் காரை எடுக்க முதல் அந்தப் படத்தை ரெண்டு விரலாலை தொட்டுக் கொஞ்சுவார்," என்றார். "பக்தியெண்டு நினைச்சன். என்னட்டை இருந்து லைட்டை மறைக்க ஒட்டினதோ அது?"

டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நெஞ்சு நோவையும் இப்பிடித்தான் மறைச்சவர் டீச்சர். ரெண்டு மாதம். நான் பயப்பிடுவனாம். ஆசுபத்திரியிலை டொக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தக் கார் ஒண்டிலையாவது ஒளிப்பு மறைப்பு இல்லாமல் இருந்தாரெண்டு நினைச்சுத்தான் நான் இதைக் கட்டிக் காத்தது."

கஜீபன் அவர் முன்னால் குந்தினான். "அன்ரி, கடிதம் இருக்கட்டும். நீங்கள் தண்ணி குடியுங்கோ."

"உன்னிலை பிழையில்லை. எனக்கு விளங்குது. ஆனால் இண்டைக்கு ஒரு ஆம்பிளையை நேர்மையானவன் எண்டு எழுத எனக்குக் கை வராது மகன். நாளைக்கு வா."

நாளைக்கு ஐஸ் லொறியில் வேறு ஆள் இருப்பான். அதைக் கஜீபன் சொல்லவில்லை.

டீச்சர் காருக்குள் போய், நடுவில் ஒட்டியிருந்த மாதாவை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்தார். திருப்பிப் பார்த்தார். படத்தின் பின்னால் மெல்லிய கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்று, படத்தின் அளவுக்கே வெட்டி ஒட்டப்பட்டிருந்தது.

"கடுதாசி மட்டும் எண்டால் வெளிச்சம் ஊடாலை தெரியும். அதுக்குத்தான் ரப்பர். சைக்கிள் ரியூப்," என்றார். "ஒட்டினது பசையாலையும் இல்லை, ரியூப் ஒட்டுற சொலுசனாலை. நாலு மூலையும் வட்டமா வெட்டிக் கிடக்கு. மூலை விட்டால் கிளம்பும் எண்டு தெரிஞ்ச ஆள். அக்கா, உங்கட அவருக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியுமோ?"

சிசிலியா தலையை நிமிர்த்தினார். "பியூஸுக்கோ? சைக்கிளுக்குக் காத்தடிக்கவே தபால்காரரைக் கூப்பிடுற மனுசன்."

"அப்ப இது அவற்ற கை இல்லை. பஞ்சர் ஒட்டிப் பழகின ஒருத்தற்ற கை. மன்னாரிலை அப்பிடி ஒரு நூறு பேர் இருப்பினம். இதுக்கு மேலை சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை," என்ற டீச்சர், ரப்பர்த் துண்டைப் பொனற்றின்மேல் வைத்துவிட்டு, றசாக்கின் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். அவர் இருந்த இருப்பில் அந்த மணிக்கூடு உலகத்திலேயே அழகான மணிக்கூடு போலத் தெரிந்தது.

நீக்கிலாஸ் அந்த ரப்பரைப் பார்த்தான். பிள்ளையின் கையெழுத்தைத் தகப்பன் அடையாளம் காண்பதைப்போல அவன் அதை அடையாளம் கண்டான். வட்டமான நான்கு மூலை. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருந்தது. அவனுடைய கத்தரிக்கோல் எப்போதும் இடது பக்கம் இழுக்கும்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கொழும்பிலிருந்து ஓட்டிவந்த அந்த வெள்ளைக் கார். மதவாச்சி தாண்டியதும் எரிந்த மஞ்சள் விளக்கு. மடுச் சந்தியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது பெட்டிக்கடையில் வாங்கிய படம். பையில் எப்போதும் கிடந்த பஞ்சர் டப்பா.

சும்மா இருக்கலாம். நூறு பேரில் ஒருவன் என்று டீச்சரே சொல்லிவிட்டார். பழி தபாலதிபரை விட்டும் போய்விட்டது, அரைவாசியாவது. ஆனால் டீச்சர் இன்னும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தெழுதின பிள்ளை தானாக எழும்பட்டும் என்று காத்திருக்கும்போது அவர் இப்படித்தான் வேறெங்கேயாவது பார்ப்பாராக்கும். காலையில் பையனுக்குச் சொன்ன புத்தி, நான் எண்டால் முதல் கிழமையே ஒத்துக்கொண்டிருப்பன் என்றது, இப்போது காதுக்குள் ஒலித்தது. செய்யாததை ஒத்துக்கொள்வது எவ்வளவு லேசான காரியம் என்று நினைத்தான்.

"அக்கா," என்றான். "அது நான்தான்."

"எது நீர்?"

"படம் ஒட்டினது. காரைக் கொண்டுவந்து குடுத்தது நான். நீங்கள் அப்ப அக்கரையிலை. வழியிலை இந்த லைட் எரிஞ்சது. கோயில் வளவிலை ஐயா, சுவாமியார், ஊர்ச் சின்னனுகள் எல்லாம் பின்னேரம் அஞ்சு மணிக்குக் காரைச் செபிச்சு மந்திரிக்கக் காத்துக்கொண்டு நிக்கினம். ஐயா புது வேட்டி. பெரிய சட்டி நிறையச் சக்கரைச் சோறு. அந்தச் சந்தோசத்துக்கு முன்னாலை மஞ்சள் லைட்டோடை போய் இறங்க என்னாலை ஏலாமல் போச்சு. நாளைக்கு வந்து சொல்லுவம் எண்டு ஒட்டினன். நாளைக்கு, நாளையிண்டைக்கு எண்டு போய், பிறகு வெக்கத்திலை அந்தப் பக்கம் வராமல் விட்டு, கடைசியிலை மறந்தே போனன்."

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது. படத்தைக் கண்டிட்டு என்னைக் கட்டிப் பிடிச்சார் அக்கா. 'நீர் கார் ஓட்டுற ஆள் மட்டுமில்லை, விசுவாசி' எண்டார். மாதாவின்ர படத்தை ஆர் கிளப்பிப் பாக்கப்போயினம்? அதுதான் என்ர துணிவு."

"சத்தியமா அவருக்குத் தெரியாதோ?"

"மாதா மேலை..." என்று தொடங்கிய நீக்கிலாஸ் நிறுத்தினான். "இல்லை, அவவை நான் இனி இதுக்குள்ளை இழுக்கேல்லை. என்ர பிள்ளையள் மேலை சத்தியம்."

சிசிலியா எழுந்தார். குடையைக் குனிந்து எடுத்தார். ஒரே அடி, தோள்மூட்டில். நல்ல கணக்கான அடி. நீக்கிலாஸ் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டான். இரண்டாவதுக்கு ஓங்கிய குடை பாதியில் நின்றது. சிசிலியாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கஜீபன் ஓடிவந்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது.

"ஏமாந்தவர்தான்," என்றார். "என்னை ஏமாத்தினவர் இல்லை, அவரும் ஏமாந்தவர். ஒவ்வொரு நாளும் சைக்கிள் ரியூப்பைக் கொஞ்சியிருக்கிறார் அந்த மனுசன்." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "றசாக் தம்பி, ஒரு கடுதாசி தாரும். கோடு போட்டது."

*

சங்கக் கந்தோரின் கவுண்டரில் இருந்த பர்ஸானா என்ற பெண் கதவைச் சாத்த எழுந்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு. கஜீபன் விண்ணப்பக் கோப்பை நீட்டினான். அவனுக்குப் பின்னால் குடையோடு சிசிலியா, டீச்சர், தோளைத் தடவியபடி நீக்கிலாஸ். ஒரு விண்ணப்பத்துக்கு இத்தனை சாட்சிகளை அவள் கண்டிருக்க மாட்டாள்.

பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவள், கோடு போட்ட கடுதாசியில் நின்றாள். உதடு அசைய வாசித்தாள்.

'கஜீபன் என்பவரை இரண்டு வருடமும் நான்கு மாதமும் எனக்குத் தெரியும். எனக்குச் சொந்தமில்லை. செய்யாத பிழை ஒன்றைச் செய்ததாக ஒப்புக்கொள்ளும்படி இவரை மூன்று கிழமை வற்புறுத்தினேன். ஒப்புக்கொண்டால் இந்தக் கடிதத்தைத் தருவதாகவும் சொன்னேன். இந்த வேலை இவருக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. இதைவிடப் பெரிய நற்சான்று எழுத எனக்குத் தெரியாது.'

பர்ஸானா நிமிர்ந்தாள். "அன்ரி, இது நற்சான்றோ, உங்களைப் பற்றின முறைப்பாடோ?"

"ரெண்டும்தான் பிள்ளை. முத்திரையைக் குத்தும்."

முத்திரை விழுந்தது. பர்ஸானா கோப்பை மூடவில்லை. கடிதத்தை இன்னொருமுறை வாசித்துவிட்டு, உள்ளே தலைவரின் அறைப் பக்கம் பார்த்து, மற்ற விண்ணப்பங்களுக்கெல்லாம் மேலே வைத்தாள். "திங்கக்கிழமை காலைமை லைசன்சோடை வாங்கோ. லொறியை ஓட்டிக் காட்டவேணும்," என்றாள்.

கஜீபன் சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, அன்றைக்கு முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டான்.

வெளியே படிக்கட்டில் நீக்கிலாஸ் டீச்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "டீச்சர், நான் சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீங்களோ?"

"இல்லை. நாளைக்கு வேறை உதவியாளர் தேடியிருப்பன்."

"அப்ப நான் உதவியாளர் எண்டு ஒத்துக்கொள்ளுறீங்கள்."

டீச்சர் அதற்குப் பதில் சொல்வதற்கிடையில், சிசிலியா குடையின் நுனியால் நீக்கிலாஸின் முதுகில் தட்டினார்.

"இவன் லொறிக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை என்ர காரை ஆர் ஓட்டுறது?"

நீக்கிலாஸ் டீச்சரைப் பார்த்தான். "அவர் ஞாயிற்றுக்கிழமையிலை சும்மாதான் அக்கா," என்றார் டீச்சர்.

"ஆறரைப் பூசை. நான் முன்வரிசை வாங்கிலை இருக்கிறது. காரோட்டி எனக்குப் பக்கத்திலை. பாடுவீரோ?"

"இல்லை அக்கா. குரல் சரியில்லை."

"எங்கட பாடகர் குழுவிலை ஆம்பிளைக் குரல் ரெண்டுதான். ஒண்டுக்குக் காது கேக்காது," என்ற சிசிலியா, காரின் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சி இருக்கு. அதுக்கும் வாரும்."